சக்கரத்துக்கு மேலே ஒரு துணிக்கூரை

புதுக் கார் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பஞ்சர் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே பிளாஸ்டிக் தடுப்புக்குப் பதில் கம்பளி மாதிரி ஏதோ இருக்கிறது. நாலு மழையில் மக்கிவிடாதா? ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்றவில்லை, மக்கவும் மக்காது. அது தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பாலியஸ்டர். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். பூஞ்சைக்கு அதில் தின்ன ஒன்றுமில்லை. புதுக் காருக்குப் பூசை போட்டுச் சக்கரத்தில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் சாறு தெறித்தாலும் ஒன்றும் ஆகாது. (திருஷ்டி கழிந்ததா என்பதற்கு நான் பொறுப்பில்லை.)

இந்தத் துணியை நெய்வதில்லை. இழைகளை மெத்தைபோலப் பரப்பி, பக்கத்தில் முள் செதுக்கிய ஊசிகளால் குத்திக் குத்திச் சிக்கவைக்கிறார்கள். பிறகு சூடாக்கி அச்சில் அழுத்துகிறார்கள். பாலியஸ்டரோடு கலந்திருக்கும் பாலிப்புரோப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக் இழை சுமார் 165 டிகிரியில் உருகும். பாலியஸ்டருக்கு 250 தாண்ட வேண்டும். உருகியது தொடுமிடங்களில் மட்டும் ஒட்டும். பொரி உருண்டையில் வெல்லப்பாகு செய்கிற அதே வேலை: உருண்டை கெட்டி, உள்ளே முழுக்கக் காற்று.

அந்தக் காற்றில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. இந்தத் துணி டயர் இரைச்சலை விழுங்குவது அதனால்தான்: ஒலி வரும்போது இழைகளுக்கிடையே காற்று முன்னும் பின்னும் ஓடுகிறது. உரசி உரசி, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. உரச வேண்டுமானால் காற்று அசைய வேண்டும். துணிக்குப் பின்னால் இருக்கும் காரின் உலோகத் தகட்டை ஒட்டியுள்ள காற்றால் அசைய முடியாது. சுவர் ஆணியில் கட்டிய துணிக்கொடியைச் சுண்டிப் பாருங்கள்: முடிச்சருகே கயிறு அசையாது, தள்ளிப் போகப்போக ஆட்டம் கூடும். தகட்டிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில் காற்றின் ஆட்டம் உச்சம். டயர் இரைச்சல் ஓங்குவது 1000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். அதன் அலைநீளம் 34 செ.மீ., கால் பங்கு 8.5 செ.மீ. ஆக, துணியை எங்கே தொங்கவிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். துணிக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளி காசில்லாமல் வேலை செய்கிறது! இது புரியாமல் தகட்டோடு சேர்த்து மெல்லிய துணியை ஒட்டிவிட்டுப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடமும் வாங்கினார்கள்.

கல் தெறிப்பதையும் துணி நன்றாகவே தாங்கும். கெட்டிப் பிளாஸ்டிக் தகர டப்பாபோல ஒலிக்கும். துணி உள்வாங்கி மீளும். டயருக்கு நேரெதிரே மேற்பரப்பு நாளடைவில் மயிர்விட்டுச் சிலும்பும், அவ்வளவுதான். கிளிப் மாட்டும் துளைகள் பலவீனமானவை. நடைபாதை விளிம்பில் இடித்தால் அங்கேதான் கிழியும். கூடு கட்டப் பஞ்சு தேடும் எலியும் எதிரிதான்.

ஆனால் கிழிவதற்கு வெகு முன்பே துணி செவிடாகலாம். நனைந்தால் நுண்துளைகளில் நீர் நிற்கும், காற்று ஓடாது, காய்ந்ததும் சரியாகிவிடும். சேறு அப்படியல்ல. நம் செம்மண்ணின் நுண்துகள் உள்ளே புகுந்து காய்ந்தால் துணி அட்டையாகிவிடும், அட்டையில் ஒலி பட்டுத் திரும்பும். கார் நிறுவனங்கள் உறைபனியிலும் சரளையிலும் சோதிப்பதோடு நிற்காமல், பருவமழைச் சேற்றில் ஊறவைத்துக் காயவைத்து அளக்க நம் ஜவுளி ஆய்வகங்களுக்குக் காசு கொடுக்கலாம். பெரிய செலவும் இல்லை: துணி வழியே காற்றைச் செலுத்தி, இரு பக்க அழுத்த வேறுபாட்டை அளந்தால் போதும்.

வீட்டில், தள்ளி நின்று குழாய்த் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் இழை பிய்ந்துவிடும். சர்வீசுக்காகத் துணியைக் கழற்றியிருந்தால், காய்ந்த இடமாகப் பார்த்து வாய் வைத்து ஊதிப் பாருங்கள். புதிதில் காற்றை விட்ட துணி இப்போது விடவில்லையென்றால் சேறு அடைத்திருக்கிறது. ஊதுவதற்கு முன் கழுவிக்கொள்வது உங்கள் நலனுக்கு.