நிறம் போன நீரிலும் சாயம் இருக்கும்

பாலாற்று நீரைப் பற்றிப் பேசினால் பேச்சு தோல் தொழிலில்தான் போய் நிற்கும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதித் தோல் கழிவு வழக்கில்தான், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை 1996-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆனால் தோலுக்கு ஏற்றும் சாயம் கழிவுநீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நன்றாக நீர்த்துவிட்டால் நிறம் மறையும், மூலக்கூறு மறையாது. இரு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பைக் கொண்ட அசோ சாயங்களில் சில சிதையும்போது, புற்றுநோய் உண்டாக்கும் பென்சிடின் போன்ற அமைன்கள் (நைட்ரஜன் கொண்ட கரிமச் சேர்மங்கள்) வெளிப்படும்.

வழக்கமான நிறமாலைமானி, நீர் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கும். சாயங்கள் பல கலந்துவிட்டால் அவற்றின் அகன்ற பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எது எதுவென்று பிரிக்க முடியாது. 1928-இல் சி.வி.ராமன் கண்டறிந்த ஒளிச் சிதறலில் அந்தக் குழப்பம் குறைவு. மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப ஒளியின் அலைநீளம் மாறுவதால், கூர்மையான கோடுகளாக ஒவ்வொரு சாயத்தின் கைரேகையும் கிடைக்கும். ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ கோடியில் ஒன்றுதான் இப்படி மாறுகிறது.

இந்த மெல்லிய குரலை வெள்ளி நானோ துகள் உயர்த்துகிறது. கொதிக்கும் வெள்ளி நைட்ரேட் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால், தெளிந்த நீர் மஞ்சளாகிப் பின் சாம்பல் கலந்த பச்சையாகக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் துகள்கள். லேசர் பட்டதும் வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடுகின்றன. இரு துகள்களுக்கு நடுவிலுள்ள ஓரிரு நானோமீட்டர் இடுக்கில் மின்புலம் பல மடங்காகிறது. அங்கே சிக்கிய சாயத்தின் கோடுகள் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் வலுக்கும். கோடுகளை மூழ்கடிக்கும் சாயத்தின் ஒளிர்வையும் உலோகம் தணித்துவிடுகிறது.

ஆய்வகத்தில் இதைப் பெரும்பாலும் மெத்திலீன் நீலம், மாலகைட் பச்சை, ரோடமின் ஆகியவற்றைக் கொண்டே காட்டுகிறார்கள். இவை நேர்மின் சாயங்கள். சிட்ரேட் போர்த்திய வெள்ளி எதிர்மின். தானாகவே ஒட்டிக்கொள்ளும். தோலுக்குப் போடும் அமிலச் சாயங்களோ எதிர்மின். துகள் அவற்றை விலக்கித் தள்ளும். என் பார்வையில் நமக்கு உண்மையான சோதனை இதுதான். அமைன் கொண்ட பொருளால் துகளைப் போர்த்தி நேர்மின் ஆக்கினால் அமிலச் சாயமும் வந்து ஒட்டும்.

இன்னொரு தடை உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பில் பெரும்பகுதி கழிவில்தான் வந்து சேர்கிறது. சிறிதளவு உப்பு துகள்களை நெருங்கவைத்து இடுக்குகளைக் கூட்டும். மிகுந்தால் அவை திரண்டு அடியில் படியும், கோடுகளும் போய்விடும். ஆகவே ஆம்பூர்க் கழிவுநீரை வடிகட்டி, உப்பைக் குறைத்து, அதே நீரில் தெரிந்த அளவு சாயத்தைக் கலந்து ஒப்பிட்ட பிறகே கருவி காட்டும் எண்ணை நம்பலாம்.