முகம் மாறும் ட்ராயர் குமிழ்: இழுக்கும் விசை எங்கே போகிறது?

குமிழின் உடல் மரத்தில் திருகியபடியே இருக்கும். முன்னால் தெரியும் வட்ட வில்லை காந்தத்தில் ஒட்டி நிற்கும்; அதை மட்டும் கழற்றி வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். பொங்கலுக்குப் பானையும் கரும்பும், சென்னை மண்ணடியில் நோன்பு மாதத்துக்குப் பிறை, ராயபுரத்தில் டிசம்பர் பிறந்ததும் நட்சத்திரம். இருபது குமிழ் உள்ள சமையலறையின் தோற்றத்தையே ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல் மாற்றிவிடலாம். யோசனை நல்லது. ஆனால் இந்த வகைக் குமிழ்களில் அடிக்கடி வரும் புகார் ஒன்றுண்டு: இழுத்தால் வில்லை கையோடு வந்துவிடுகிறது, ட்ராயர் அசைவதே இல்லை. காந்தத்தில் பலம் போதவில்லை என்று இன்னும் பெரிய காந்தம் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, விரல் எதைப் பிடித்து இழுக்கிறது என்பதைத்தான்.

பால்பேரிங் சேனலில் ஓடும் காலி ட்ராயர் ஒரு கிலோவுக்கும் குறைவான விசையிலேயே திறந்துவிடும். அதே ட்ராயரில் பாத்திரத்தை அடைத்து, ஐப்பசி மழையில் பலகையும் கொஞ்சம் ஊதிவிட்டால் நான்கைந்து கிலோ இழுக்க வேண்டிவரும். வில்லைக்குள் அடங்குகிற சின்னக் காந்தம் அதைத் தாங்காது. தாங்கினால் வில்லையை மாற்றுவதே பெரும்பாடாகிவிடும். அதனால் இழுவிசை வில்லைக்குப் போகவே கூடாது. குமிழின் உடல் ஒரு சின்னக் கிண்ணி மாதிரி இருக்க வேண்டும்: பின்னால் 14 முதல் 16 மி.மீ. விட்டத்தில் ஒரு கழுத்து, முன்னால் 34 மி.மீ. வாய், அந்த வாய்க்குள் 30 மி.மீ. விட்டத்தில் பள்ளம். வில்லை அந்தப் பள்ளத்தில் உட்காரும். விரல்கள் வாயின் பின்விளிம்பைப் பிடிக்கும். விளிம்புக்கும் பலகைக்கும் இடையே 18 மி.மீ.யாவது இடம் விட்டால்தான் விரல் நுழையும். இப்படி அமைத்தால் இழுப்பு முழுவதும் விளிம்பு, கழுத்து, ஸ்க்ரூ என்று போய்ப் பலகையில் இறங்கிவிடும்.

பள்ளத்தின் சுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ட்ராயர் முகப்பு செங்குத்தாக நிற்பதால் வில்லையின் எடை அதைக் கீழ்நோக்கிச் சறுக்கப் பார்க்கும். நேராகப் பிய்த்து எடுக்க ஒரு கிலோ விசை கேட்கும் காந்தம், பக்கவாட்டில் தள்ளினால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கே நகர்ந்துவிடும். பக்கவாட்டில் தடுப்பது உரசல் மட்டுமே. காந்தத்தின் மேலிருக்கும் நிக்கல் பூச்சோ வழுவழுப்பானது. 1.5 மி.மீ. உயரத்துக்காவது ஒரு சுவர் இருந்தால் சறுக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தட்டையான குமிழ் முகத்தில் தட்டையான காந்த வில்லையை ஒட்டவைக்கும் அமைப்புகள் கோணிக்கொண்டு நிற்பதற்கு இந்தச் சுவர் இல்லாததே காரணம்.

அப்படியானால் காந்தத்துக்கு எவ்வளவு பலம் வேண்டும்? ட்ராயரை வேகமாக மூடும்போது ஆபத்து இல்லை. உடல் நின்றதும் வில்லை உள்நோக்கிப் போகப் பார்க்கும், கிண்ணியின் அடி தாங்கிக்கொள்ளும். வேகமாகத் திறக்கும்போதுதான் சிக்கல். சேனலின் கோடியில் ஸ்டாப்பர் தட்டி ட்ராயர் சட்டென்று நிற்கிறது, வில்லை மட்டும் முன்னோக்கிப் பாயப் பார்க்கிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த ட்ராயர் 2 மி.மீ. தூரத்துக்குள் நின்றால், அதன் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப் போல 25 மடங்கு. 20 கிராம் பீங்கான் வில்லை அந்த நொடியில் அரைக் கிலோ எடைபோல இழுக்கும். ஆக, அரைக் கிலோ என்பது குறைந்தபட்சத் தேவை. ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் போதும். 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் உள்ள நியோடிமியம் காந்தம் தடித்த இரும்பில் ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். 12 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம் என்றால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த இந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனியாக உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய கறுப்பு ஃபெரைட் காந்தத்தில் இதே பிடிப்பு வேண்டுமென்றால் பல மடங்கு பெரிய காந்தம் தேவைப்படும்.

காந்தத்தின் மேல் எழுதியிருக்கும் பலம், அது இரும்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும்போது மட்டும்தான் உண்மை. நடுவில் 1 மி.மீ. இடைவெளி விழுந்தால் இந்த அளவுக் காந்தத்தின் பிடி பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது முன்னால் போட்ட கணக்கில் ஒரு கிலோ காந்தம் தோற்றுவிடும், வில்லை பறந்து தரையில் விழும். இடைவெளி எப்படி வருகிறது என்று பார்த்தால் பல வழிகள்: பசை மேடாக நின்றுவிடும், வில்லை வளைந்திருக்கும், கிண்ணிக்குள் பெயிண்ட் கட்டியாகத் தேங்கும்.

வடசென்னையில் இன்னொரு வழியும் உண்டு. திருவொற்றியூர், காசிமேடு கரை மணலில் ஒரு காந்தத்தை உருட்டி எடுத்தால் கறுப்புத் துகள்கள் அதன் ஓரமெல்லாம் மயிர்க்கூச்செறிந்ததுபோல் எழுந்து நிற்கும். மணலில் கலந்திருக்கும் மேக்னடைட் தாது அது. காலோடு வீட்டுக்குள் வரும் மணல், பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கதவை ராவும்போது பறக்கும் இரும்புத் தூள், எண்ணூர்ப் பக்கம் படியும் நிலக்கரிச் சாம்பலில் உள்ள இரும்புத் துகள் எல்லாம் திறந்திருக்கும் காந்தத்தைத் தேடி வரும். வில்லையைக் கழற்றித் தரையில் வைத்து, அப்படியே மாட்டினால் இந்தத் தூள் நடுவில் சிக்கி வில்லை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். துணியால் துடைத்தால் இது போகாது, நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டும். செல்லோடேப்பை அழுத்தி உரித்தால் சுத்தமாக வந்துவிடும்.

காந்தத்தை உடலில் வைப்பதா, வில்லையில் வைப்பதா? உடலில் வைப்பதே சரி. வில்லையின் பின்னால் வெறும் இரும்புத் தகடு போதும். பத்து செட் வில்லை செய்தாலும் காந்தம் ஒரே செட்தான். வடதுருவம் தென்துருவம் பார்த்து ஒட்டும் தலைவலியும் இல்லை. தகடு வாங்கும்போது கவனம் தேவை. துருப்பிடிக்காதே என்று 304 ரக எவர்சில்வர் வாசர் வாங்கினால் காந்தம் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அச்சில் வெட்டுப்பட்ட ஓரம் மட்டும் லேசாக இழுக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 316 ரகமும் அப்படியே. காந்தம் பிடிக்கும் எவர்சில்வர் 430 ரகம். சாதா இரும்பு வாசர் பலமாகவே பிடிக்கும், ஆனால் கடற்காற்றில் துருவேறி வில்லையின் பின்புறத்தைக் கறையாக்கிவிடும். தகட்டின் கனம் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அரை மி.மீ. தகட்டால் காந்தப் புலம் முழுவதையும் ஏந்த முடியாது, மிச்சம் பின்னால் கசிந்து வீணாகும். ஆக ஒரே குமிழில் இரண்டு ரகம் வரும்: பின்னால் இறங்கும் ஸ்க்ரூ 304, முன்னால் இருக்கும் தகடு 430.

கடற்காற்று காந்தத்தையும் விடாது. நியோடிமியம் காந்தம் தூளை அழுத்திச் சுட்டுச் செய்வது. அதன் மணிகளுக்கு இடையே இருக்கும் நியோடிமியம் மிகுந்த பகுதி ஈரத்தில் சீக்கிரம் அரிக்கும். அதைக் காப்பது ஏறக்குறைய 0.02 மி.மீ. கனமுள்ள நிக்கல்-செம்பு-நிக்கல் பூச்சு மட்டுமே. ஒரு மூலை உதிர்ந்தால் போதும், உப்பு ஈரம் உள்ளே போய் காந்தம் சாம்பல் நிறப் பொடியாக உப்பிப் பூச்சையே தள்ளிவிடும். அதனால் பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று காந்தத்தை உப்புத்தாளில் தேய்க்கக் கூடாது. கிண்ணியின் அடியை 120 நம்பர் தாளில் தேய்த்து, காந்தத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். சொட்டு விட்டதும் ஒட்டும் பசை இங்கே வேண்டாம். அது கெட்டியானதும் நொறுங்கும் தன்மை உடையது, ட்ராயர் தட்டும் ஒவ்வொரு முறையும் விரிசல் வளரும். இரண்டு டியூபைக் கலக்கும் எபாக்ஸியைப் போட்டு ஒரு முழு நாள் ஆறவிட வேண்டும். காந்தத்தின் மேலும் மெல்லிய எபாக்ஸிப் படலம் ஒன்று பூசலாம். 0.2, 0.3 மி.மீ. இடைவெளி கூடும், 10 மி.மீ. காந்தத்துக்குப் பதில் 12 மி.மீ. காந்தத்தை எடுப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

காந்தமே வேண்டாம் என்பவர்களுக்குத் திருகு வளையம் இருக்கிறது. வில்லையை உள்ளே வைத்து அதன் மேல் மரையுள்ள வளையத்தைத் திருகி இறுக்குவது. கனமான கண்ணாடி வில்லைக்கும் பீங்கானுக்கும் இதுவே மேல். ஆனால் இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. வளையத்தைக் கழற்ற இடப்பக்கமாகச் சுற்றுவோம். குமிழின் உடலும் ஸ்க்ரூவிலிருந்து கழல்வது அதே திசையில்தான். கடல் ஈரத்தில் வளையம் கொஞ்சம் இறுகியிருந்தால், வளையம் நிற்கும், குமிழ் முழுசாகக் கழன்று கையில் வரும். தடுக்க இரண்டு வழி. உடலின் பின்புறத்தில், மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, 2 மி.மீ. விட்டமுள்ள சின்ன முளை ஒன்று பலகைக்குள் இறங்கும்படி வைப்பது முதல் வழி. ஸ்க்ரூவையே முன்பக்கத்திலிருந்து, கிண்ணிக்குள் அதன் தலை பதியும்படி விட்டு, ட்ராயருக்குள் நட்டு போட்டு இறுக்குவது இரண்டாவது. இரண்டாவது வழியில் முளை இல்லாமலே காரியம் ஆகும், ஆனால் உள்ளே நட்டு துருத்திக்கொண்டு துணியைப் பிடிக்கும்.

ஸ்க்ரூவின் நீளத்தில்தான் ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் அடிக்கடி வாக்குவாதம். குமிழோடு வருவது பெரும்பாலும் எம்4 ஸ்க்ரூ: விட்டம் 4 மி.மீ., மரை இடைவெளி 0.7 மி.மீ. பலகையில் 4.5 அல்லது 5 மி.மீ. பிட்டால் துளையிட வேண்டும். 18 மி.மீ. பிளைவுட், வெளியே 1 மி.மீ. மைக்கா, உட்புறத்தில் ஒட்டும் மெல்லிய லைனர் தாள் என்று மொத்தம் 20 மி.மீ. வரும். உடலில் மரைக்குழி 10 மி.மீ. ஆழம் என்றால் 28 மி.மீ. ஸ்க்ரூ பொருந்தும்: 8 மி.மீ. மரை பிடிக்கும், 2 மி.மீ. மிச்சம் இருக்கும். 30 மி.மீ. போட்டால் ஸ்க்ரூ குழியின் அடியைத் தொட்டுவிடும். கைக்கு இறுகியது போலத் தெரியும், குமிழ் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். 25 மி.மீ. போட்டால் ஏழு மரைதான் பிடிக்கும். பித்தளை உடல் தாங்கும், துத்தநாகக் கலவையில் வார்த்த உடலில் மரை சீவிப் போகும் அபாயம் உண்டு. அமெரிக்கக் குமிழ்களில் 8-32 என்ற வேறு மரை வரும். அது 4.17 மி.மீ. விட்டம், 0.79 மி.மீ. இடைவெளி. எம்4 ஸ்க்ரூ அதில் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போய்ப் பிறகு இறுகும். அங்கே பலம் கொடுத்தால் மரை கெட்டது கெட்டதுதான்.

வில்லைக்குப் பொருள் தேடுவதுதான் இந்த ஊரில் சுகமான வேலை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வெட்டுத்துணி கிடைக்கும். பெரியமேட்டில் தோல் துண்டு. பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி. துணி வில்லைக்கு ரவிக்கைப் பட்டன் போடும் முறையே போதும். குழிந்த தகட்டு மூடியின் மேல் துணியைப் போர்த்தி, ஓரத்தை உள்ளே மடித்து, பின்தகட்டை அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பட்டன் அளவை 'லைன்' என்று சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம், ஆகவே 30 மி.மீ.க்கு ஏறக்குறைய 47 லைன். மூடி பெரும்பாலும் அலுமினியம் என்பதால் காந்தம் பிடிக்காது, பின்னால் 430 தகட்டை ஒட்டியே ஆக வேண்டும். துணியின் மடிப்பு ஓரத்தில் இரண்டு பக்கமும் கனம் சேர்க்கும், அதைக் கழித்துக்கொண்டு மூடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காகிதப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பதானால் லேசர் பிரிண்ட் எடுப்பது நல்லது. சாதாரண இங்க்ஜெட் மை ஈரம் பட்டால் ஊறும். சமையலறை ஆவி கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்தில் தானாகவே ஏறும். ஓரம் முழுவதும் பசையால் அடைக்க வேண்டும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட வில்லை 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அடுப்புக்குப் பக்கத்து ட்ராயருக்கு ஆகாது.

மர வில்லை தனி ரகம். மரம் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்கே விரியும், ரேகை நெடுக ஏறக்குறைய விரிவதே இல்லை. கோடைக்கும் மழைக்கும் இடையே மரத்தின் ஈரம் ஐந்து சதவீதம் கூடினால், 30 மி.மீ. தேக்கு வில்லை குறுக்கே கால் மி.மீ.க்கும் அதிகமாக வளரும். சித்திரையில் வட்டமாகக் கடைந்தது கார்த்திகையில் லேசான முட்டை வடிவமாகி கிண்ணியில் சிக்கிக்கொள்ளும். பீங்கானுக்கும் உலோகத்துக்கும் விட்டத்தில் 0.3 மி.மீ. இடம் போதும், மரத்துக்கு 0.6 மி.மீ. விட்டு, கடைந்தபின் நான்கு பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும்.

உட்கார்ந்த வில்லையை எடுக்க நகத்தை விட்டு நெம்புவதற்கு, கிண்ணி விளிம்பின் அடிப்பக்கத்தில் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு இருந்தால் போதும். அதைவிட நேர்த்தியானது சாய்க்கும் முறை. வில்லையின் பின்புறத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சரிவாகச் சீவிவிடுவார்கள். மேலோரத்தை அமுக்கினால், சரிவு தொடங்கும் கோட்டை அச்சாகக் கொண்டு கீழோரம் எழும்பும். காந்தத்தின் மையம் அந்தக் கோட்டிலிருந்து 4 மி.மீ., விரல் அமுக்கும் இடம் 10 மி.மீ. என்றால், ஒன்றரைக் கிலோப் பிடியை 600 கிராம் அழுத்தமே விடுவித்துவிடும். வில்லை கிண்ணி விளிம்பைவிடத் துருத்தி நிற்கக் கூடாது. நின்றால், ட்ராயரை முழங்காலால் மூடும்போதே கழன்றுவிடும்.

குழந்தை இருக்கும் வீட்டில் காந்தம் உடலோடு ஒட்டி மூடியிருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறையாவது விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு காந்தத்தை, அல்லது ஒரு காந்தத்தையும் ஒரு இரும்புத் துண்டையும் பிள்ளை விழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே அவை ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சதையை நசுக்கி ஓட்டை போடும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் இது. பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் அடங்கும் பொருள் சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம் என்பது கணக்கு. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், 30 மி.மீ. வில்லையை விட்டுவிட்டு 35 மி.மீ. வில்லையும் அதற்கேற்ற கிண்ணியும் செய்துகொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மார்பிலிருந்து காந்தம் 15 செ.மீ.யாவது தள்ளியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பு உயரத்தில் வரும் அலமாரிக் கதவுகளுக்குத் திருகு வளையக் குமிழே போடலாம்.