தோட்டத்து லயத்துக்குப் பிரதேச சபை என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

"மெம்பர் அக்கா, எங்க லயத்துக்கு முன்னால கான் உடைஞ்சு கிடக்கு, சபையில சொல்லிச் செஞ்சு குடுங்க." நான் பிரதேச சபை உறுப்பினராகப் போன முதல் வாரத்தில் என்னிடம் வந்த முதல் கோரிக்கை இதுதான். ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சபைச் செயலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் காசைப் பற்றிப் பேசவே இல்லை, "அந்தக் காணி யாருடையது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. லயம் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அந்தக் கானை, அதாவது தண்ணீர் ஓடுகிற வடிகாலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன், ஆனால் அது யாருடைய கான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர்கள், அதில் பெரும்பகுதி தோட்டங்களில்தான் இருக்கிறது. தேர்தல் வந்தால் நாமும் பிரதேச சபைக்கு வாக்களிக்கிறோம். ஆனால் சபை நமக்கு என்ன செய்யக் கடமைப்பட்டது, எதைச் செய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, எனக்கும்தான்.

முதலில் சட்டம். பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டித்தான் நீண்ட காலமாக, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவு செய்ய முடியாது, செய்தால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம் என்று அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். வாக்கு கேட்க லயத்து வாசலுக்கு வரலாம், வென்ற பிறகு அதே வாசலில் ஒரு சீமெந்துப் படி கட்ட முடியாது! முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே போனது. 2018இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இப்போது தோட்ட நிர்வாகத்தோடு பேசி, தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்குப் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைச் சபை தன் நிதியிலிருந்து செய்து கொடுக்கலாம். ஆகவே யாராவது அதிகாரி "தோட்டத்துக்குச் செய்யச் சட்டத்தில் இடமில்லை" என்று சொன்னால், அது பழைய கதை. மரியாதையாகவே, 2018 திருத்தத்தைப் பார்த்தீர்களா ஐயா என்று கேளுங்கள்.

2018 உள்ளூராட்சித் தேர்தலோடு இன்னொன்றும் நடந்தது. அதற்கு முன் அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டே பிரதேச சபைகள்தான் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருந்தன. அவற்றை உடைத்து அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா, நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று ஆறாக்கினார்கள். நல்ல விஷயம்தான், சபை வீட்டுக்குக் கிட்ட வந்தது. ஆனால் புதிய சபை என்றால் புதிய கட்டடம் வேண்டும், ஆட்கள் வேண்டும், மண் வெட்டுகிற பெக்கோ வேண்டும், குப்பை டிரக்டர் வேண்டும், இதெல்லாம் சபை பிரிந்த அன்றே கூடவே பிரிந்து வருவதில்லை. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், 2025 ஜூனில் புதிய சபைகள் வரும் வரைக்கும் இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதி என்று யாருமே சபையில் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் தேங்கிப்போன கடிதங்களின் கோப்பை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன், அரை நாள் போய்விட்டது.

சரி, சட்டம் இடம் கொடுத்தாச்சு, அப்புறம் ஏன் கான் இன்னும் உடைந்தே கிடக்கிறது? இங்கேதான் காணிக் கேள்வி வருகிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் பெரிய தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அரசு அவற்றின் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கும் விட்டது. அதனால் தேயிலை மலை, ஸ்டோர், பங்களா மட்டுமல்ல, லயம் நிற்கிற மண்ணும் லயத்துக்குப் போகிற பாதையும் கானும்கூட, நிலம் அரசினுடையது, கையில் வைத்திருப்பது கம்பனி என்ற நிலையில் இருக்கின்றன. சபை அங்கே ஒரு கல் வைக்க வேண்டுமென்றால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வாயால் "செய்யுங்க, பரவாயில்லை" என்று சொன்னது சம்மதம் ஆகாது, ஏனென்றால் அந்தத் துரை அடுத்த மாதம் மாற்றலாகிப் போகலாம், புதிதாக வருகிறவர் எனக்கொன்றும் தெரியாது என்பார். இப்படித்தான் எங்கள் சபையில் ஒரு சிறுவர் விளையாட்டுத் திடல் வேலை பாதியில் நின்றதை நானே பார்த்தேன், ஒதுக்கிய காசு டிசம்பர் முடிய வேறு எதற்கோ போய்விட்டது. சம்மதக் கடிதத்தில் இடம் எது, நீள அகலம் என்ன, கட்டிய பிறகு பராமரிப்பது சபையா தோட்டமா என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பாதைக்கும் இதே கேள்விதான். ஏ, பி வகைப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு வருகிற ஏ7 அப்படிப்பட்டது. சி, டி வகை மாகாண சபையுடையவை. கிராமத்து உள்பாதைகள் பிரதேச சபையிடம். தோட்டத்துக்குள் போகிறது தோட்டத்திடம். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நமக்கு எல்லாக் குழியும் ஒரே குழிதான். சபை அலுவலகத்தில் சபைக்குச் சொந்தமான பாதைகளின் பட்டியல் இருக்கும், உங்கள் பாதை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதைச் சபைக்குக் கையளிக்கச் சொல்லித் தோட்டத்திடம் கேட்பதுதான் முதல் வேலை. கையளிக்காத பாதைக்குக் கொங்கிரீட் கேட்டு நூறு கையெழுத்து வாங்கினாலும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எஸ்டிமேட் போட மாட்டார்.

இன்னொரு குழப்பம், பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றில்லை. செயலகம் மத்திய அரசின் அலுவலகம், கிராம உத்தியோகத்தர் அதன் கீழ்தான் வருகிறார். நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி அந்த வழியாகத்தான் போகும். தெரு விளக்கு, வாசிகசாலை, பொதுச் சந்தை, பொது மயானம், குப்பை, சனசமூக நிலையம், இவையெல்லாம் சபை.

இனி காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நகரத்துக் கட்டடங்களுக்குச் சோலை வரி, பயிர்ச் செய்கைக் காணிகளுக்கு ஏக்கர் வரி, கடைகளின் அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை, பிறகு மாகாண சபை வழியாகத் திரும்பி வருகிற முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும். நிரந்தர ஊழியர் சம்பளத்தில் பெரும்பங்கை அரசு மீளளிக்கிறது. மிச்சத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும். "தோட்டத்து ஆட்கள் சோலை வரி கட்டுவதில்லையே, பிறகு என்ன உரிமையில் கேட்கிறார்கள்?" என்று ஒரு உறுப்பினர் என் முகத்துக்கு நேரே கேட்டார். நான் சொன்ன பதில் இது: லயக் காம்பராவுக்குச் சோலை வரி இல்லை, உண்மை. ஆனால் தேயிலை மலைக்கு ஏக்கர் வரி சட்டத்தில் இருக்கிறது, டவுன் கடைகள் கட்டுகிற கட்டணம் நம்முடைய சம்பள நாள் வியாபாரத்திலிருந்துதான் வருகிறது, தண்டப்பணத்தில் எங்கள் ஓட்டோக்காரப் பையன்களின் பங்கும் கொஞ்சம் இருக்கும். சிரித்தார்கள். ஆனால் ஏக்கர் வரி எவ்வளவு அறவிடப்பட வேண்டும், எவ்வளவு வந்தது என்ற கணக்கை அடுத்த கூட்டத்துக்கு வைக்கச் சொல்லிப் பிரேரணை கொடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடுவது என்பதில் எனக்கும் என் கட்சிக்காரர்களுக்குமே ஒத்துவருவதில்லை. அவர்களுக்குப் புதிய கட்டடம் வேண்டும், கல்வெட்டு வேண்டும், அதில் பெயர் வேண்டும். எனக்கு வேண்டியது மீண்டெழும் செலவு, அதாவது வருடா வருடம் ஒரு பொருளை உயிரோடு வைத்திருக்கத் தேவைப்படுகிற காசு. எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் யாரோ ஒருவரின் நிதியில் கட்டிய சனசமூக நிலையம் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு மேளம் அடித்தார்கள். மின் பட்டியலை யார் கட்டுவது என்று யாரும் பேசவில்லை, இணைப்பு வெட்டுப்பட்டது, சாவி ஒருவர் கையில் போய், நான் பார்த்தபோது உள்ளே உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உருளைக்கிழங்கும் நன்றாகத்தான் இருந்தது. அதே காலத்தில் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் கோவில் மண்டபத்து ஒரே பல்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாசிகசாலைக்கு மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைப்பதும், பத்திரிகை வாங்குவதும், பல்பு மாற்றுவதும் படத்துக்கு எடுபடாத செலவுகள். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு வருகிற தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பதும் அப்படித்தான். என் வாக்கு அவற்றுக்குத்தான்.

கேட்கும் முறைக்கு வருவோம். சபையின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் இந்த வருடம் முடியுமுன் நிறைவேற வேண்டும். ஆகவே ஜனவரியில் கடிதம் கொடுத்துவிட்டு மார்ச்சில் ஏன் நடக்கவில்லை என்று கோபப்படுவதில் பயனில்லை, ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே கடிதம் செயலாளர் கைக்குப் போய்விட வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிசன், எத்தனை குடும்பம், இடத்தின் படம், சம்மதக் கடிதத்தின் பிரதி, இவ்வளவு போதும். "மாண்புமிகு", "தாழ்மையுடன்" என்று ஒரு பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. கடிதத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம், தடுப்புச் சுவர் போன்ற வேலையென்றால் மண்சரிவு அபாயம் குறித்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்பார்கள். அது இழுக்கும், ஆனால் நம் மலைகளைப் பார்த்தவர்கள் அதைத் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எந்த உறுப்பினரிடம் போவது? இப்போதைய தேர்தல் முறையில் அறுபது சதவீதம் பேர் வட்டாரத்தில் வென்றவர்கள், நாற்பது சதவீதம் பட்டியல் வழியாக வந்தவர்கள். பெண்களுக்கு இருபத்தைந்து சதவீத ஒதுக்கீடு உண்டு. நான் பட்டியல் ஆள். வட்டாரம் இல்லாததால் "உங்களுக்கு ஏது இடம்" என்று ஒதுக்கப் பார்ப்பார்கள், ஆனால் அதனாலேயே எந்த வட்டாரத்துப் பிரச்சினையையும் நான் எழுப்பலாம். இருவரிடமும் போங்கள், யாருக்காவது ரோசம் வரட்டும். இன்னும் பலருக்குத் தெரியாத ஒன்று, சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு கொழுந்து பறிக்கிற அக்காவோ ஒரு முன்பள்ளி ஆசிரியையோ இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். நாங்கள் ஒருவரைச் சேர்த்தோம். முதல் கூட்டத்திலேயே அவர் கழிப்பறைக் குழியைப் பற்றிப் பேசினார், அதற்கு முன் யாரும் அந்த மேசையில் அந்தச் சொல்லை எடுத்ததில்லை.

கடிதம் போட்டும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். என் டிவிசனுக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, வேலையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது, என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தும் பார்த்தேன். உத்தியோகத்தர் முகம் சுளித்தார், ஆனால் எழுதினார்.

அந்தக் கானின் கதையைக் கேட்கிறீர்களா? தோட்டத்தின் சம்மதக் கடிதம் வர நான்கு மாதமானது. அதில் பராமரிப்பு யாருடையது என்ற வரி இல்லை, திருப்பி அனுப்பினோம், இரண்டாவது கடிதத்தில் வந்தது. எஸ்டிமேட் போட்டாயிற்று, அடுத்த வருடத் திட்டத்தில் எண் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். அதே லயத்துப் பின்பக்கத்துச் சுவருக்கு இன்னும் அறிக்கை வரவில்லை, மழைக்காலம் தொடங்கிவிட்டதால் அதுவரைக்கும் மணல் மூட்டையாவது அடுக்கச் சொல்லித் துரைக்கு நேற்றுத்தான் கடிதம் கொடுத்தேன், பிரதியில் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன்.