பவர் ஸ்டீயரிங் பம்ப் போனால்: குட்டை பெல்ட் போடும் முன்

பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் பம்ப் ஒருநாள் முனகத் தொடங்கும், அல்லது ஷாஃப்ட் சீல் போய் எண்ணெய் வடியும். அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை என்றால், "பம்ப்பை விட்டுவிட்டு, அதைத் தொடாமல் போகும் குட்டை பெல்ட் போட்டுக்கலாம்" என்ற பேச்சு பட்டறையில் எழும். பெல்ட் மாட்டிவிடும், வண்டியும் ஓடும். ஆனால் அதே பெல்ட்டை நம்பி வேறு எதெல்லாம் சுற்றுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பெல்ட் போகும் வழியை முதலில் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். வி-பெல்ட் (V வடிவ பெல்ட்) வண்டியில் பம்ப்புக்கென்று தனி பெல்ட் இருந்தால் கவலை குறைவு. அதைக் கழற்றினால் மற்றவை பாதிக்கப்படாது. ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றுகிற வண்டியில்தான் ஆபத்து. பெல்ட்டின் வரிப்பக்கம் (நீளவாக்கில் கோடுகோடாகப் பள்ளம் உள்ள பக்கம்) தொடும் புல்லி, கிராங்க் (பெல்ட்டை ஓட்டும் இன்ஜின் தண்டு) சுற்றும் திசையிலேயே சுற்றும். முதுகு (வழவழப்பான மறுபக்கம்) தொடும் புல்லி எதிர்த்திசையில் சுற்றும். முதுகில் ஓடிய வாட்டர் பம்ப் (கூலன்ட்டை இன்ஜினுக்குள் சுற்றவைப்பது), வழி மாறியதால் வரிப்பக்கம் வந்துவிட்டால் தலைகீழாகச் சுற்றும். கூலன்ட் நிறைய இருக்கும், லீக் எதுவும் இருக்காது, ஆனாலும் இன்ஜின் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) போன பிறகுதான் பலருக்குக் காரணம் புரிகிறது.

அடுத்தது, புல்லியை பெல்ட் எவ்வளவு தூரம் தழுவுகிறது என்பது. பம்ப் புல்லியை நீக்கினால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் சின்னப் புல்லியில் தழுவல் குறைந்துவிடலாம். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் ஓடும்போது பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் தேயும்.

ஆகவே வழியையே மாற்றாதீர்கள். பம்ப் இருந்த இடத்தில், அதே விட்டமுள்ள ஐட்லர் புல்லி (எதையும் ஓட்டாமல் சும்மா சுற்றும் புல்லி) ஒன்றை உறுதியான பிராக்கெட்டில் பொருத்தி, பழைய அளவு பெல்ட்டையே போடுவதுதான் நல்லது. வரிப்பக்கம் ஓடிய இடத்துக்கு வரியுள்ள ஐட்லர், முதுகு ஓடிய இடத்துக்கு வழவழப்பான ஐட்லர். அதே இன்ஜினில் பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடலும் வந்திருந்தால் இன்னும் நல்லது. அதன் பெல்ட் வழியையும் பெல்ட் நம்பரையும் அப்படியே பின்பற்றலாம்.

வேறு நீளம் தேவைப்பட்டே தீரும் என்றால், டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லியை) தளர்ந்த நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நகர்த்தி வைத்து, நீளாத கயிற்றைப் புதிய வழியில் சுற்றி அளவெடுங்கள். பெல்ட்டில் 6PK1750 என்று இருந்தால் 6 வரி, 1750 மி.மீ. என்று பொருள். வரி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். புல்லிகளின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து நேர்கோடு பாருங்கள்: 300 மி.மீ. இடைவெளியில் 2.5 மி.மீ. விலகினாலே அரை டிகிரி கோணல். அந்தக் கோணலில் ஓரம் பிய்ந்து ரப்பர் தூள் கொட்டத் தொடங்கும்.

எண்ணெய் தீர்ந்த பம்ப்பைப் பெல்ட்டிலேயே ஓடவிடக் கூடாது. அது இறுகி நின்றால் பெல்ட் கருகி அறும். கூடவே வாட்டர் பம்ப்பும் சார்ஜிங்கும் நிற்கும். பம்ப்பைக் கழற்றியபின் ஸ்டீயரிங் ரேக்கின் (சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு அமைப்பின்) பிரஷர், ரிட்டர்ன் துவாரங்களை, அதாவது எண்ணெய் வரும், திரும்பும் துவாரங்களை, அடைத்து மூடவும் கூடாது. உள்ளே எண்ணெய் நகர வழியில்லாமல் ஸ்டீயரிங் இறுகும். இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்க விடுங்கள். அப்போதும் சாதாரண மேனுவல் ஸ்டீயரிங்கைவிட இது கனமாகவே இருக்கும், ஏனென்றால் பவர் ரேக்கின் பல் விகிதம் பம்ப்பின் உதவியை நம்பி அமைக்கப்பட்டது. வயதானவர் ஓட்டும் வண்டியில் இந்த வேலையையே செய்யாதீர்கள். பம்ப்பை சீல் மாற்றிச் சரிசெய்யப் பாருங்கள்.

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு டெம்பரேச்சர் முள்ளையும் பேட்டரி விளக்கையும் கவனியுங்கள். கீச்சொலி வந்தால் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்; கையும் துணியும் பெல்ட்டுக்கு எட்டாமல் இருக்கட்டும். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் இறுக்கம் போதவில்லை. கையால் இறுக்கும் வகை டென்ஷனர் என்றால், புது பெல்ட் 100 கி.மீ. ஓடியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.