டோடோ என்னும் புறா

இந்தியப் பெருங்கடலின் மொரீசியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறக்காத பறவை டோடோ. அதை ‘மந்தப் பறவை’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். அந்தப் பழியை ஒருகாலத்தில் அறிவியலே பெயராகச் சூட்டியது. 1766-இல், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் ‘டைடஸ் இனெப்டஸ்’. பின்பாதிக்குத் திறமையற்றது என்று பொருள். நல்லவேளையாக, 1758-இலேயே அவர் ‘கக்குலேட்டஸ்’, அதாவது முக்காடிட்டது, என்று ஒரு பெயர் வைத்திருந்தார். உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை. அதனால் இன்று அது ‘ராஃபஸ் கக்குலேட்டஸ்’. வசை உதிர்ந்துவிட்டது.

ஆனால் 1758-இல் அவர் டோடோவைச் சேர்த்தது நெருப்புக்கோழியின் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில். பறக்காமை உறவுக்குச் சான்று ஆகாது. வேட்டையாடும் விலங்கு இல்லாத தீவில் பறப்பது வீண்செலவு. தலைமுறை தலைமுறையாகச் சிறகு சிறுக்கும், பறக்கும் தசை பற்றியிருக்கும் மார்பெலும்பின் மேடு தாழும், உடல் பெருக்கும். கிளி, நீர்க்கோழி, புறா என ஒன்றுக்கொன்று தொலைவான குடும்பங்களில் இது தனித்தனியாக நடந்திருக்கிறது. ஆகவே வாழ்க்கை முறைக்கு ஏற்ப எளிதில் மாறாத உறுப்புகளில்தான் உறவைத் தேட வேண்டும்.

டோடோவைப் பிணந்தின்னிக் கழுகு என்றவர்களும் உண்டு. 1842-இல் கோபன்ஹேகனில் இருந்த ஒரு டோடோ மண்டையோட்டை ஆராய்ந்த விலங்கியலாளர் ரைன்ஹார்ட், இது புறா என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாடப்புறாவை அருகில் பார்த்தால் விஷயம் புரியும்: அலகின் நுனி மட்டும் கொம்பு போலக் கெட்டியாக இருக்கும், அடிப்பகுதி மென்தோலாக இருக்கும். டோடோவின் பூதாகரமான அலகும் அதே அமைப்புதான். 1848-இல் ஸ்ட்ரிக்லண்டு, மெல்வில் என்ற இரு ஆய்வாளர்கள் ஆக்ஸ்போர்டில் எஞ்சியிருந்த தலையையும் காலையும் ஆராய்ந்து ரைன்ஹார்ட் சொன்னதை உறுதிப்படுத்தினார்கள்.

அதற்குள் பறவை அழிந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. டச்சுக்காரர்கள் மொரீசியஸில் இறங்கியது 1598-இல். கப்பல்களில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றன. அதை உயிரோடு கண்டதாகப் பரவலாக ஏற்கப்படும் கடைசிப் பதிவு 1662-ஐச் சேர்ந்தது.

2002-இல் அதே ஆக்ஸ்போர்டு மிச்சத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தார்கள். மொரீசியஸுக்குக் கிழக்கே உள்ள ராட்ரிகஸ் தீவில் வாழ்ந்து மறைந்த சாலிட்டேர் என்ற பறக்காத பறவை டோடோவுக்கு உடன்பிறப்பு போன்றது என்றும், உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்றும் தெரிந்தது. கழுத்தில் நீண்டு தொங்கும் இறகுகள், மினுங்கும் பச்சை முதுகு, வெள்ளை வால் கொண்டது அது. கடினமான கொட்டைகளை வயிற்றிலேயே அரைத்துவிடும். டோடோவின் வயிற்றிலும் இப்படி அரைக்க உதவும் கற்கள் இருந்ததை அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. டோடோவின் மூதாதையும் ஒருநாள் கடல் தாண்டிப் பறந்து வந்த புறாதான். நிக்கோபார் புறா இன்றும் இரை தேடித் தீவு விட்டுத் தீவு பறக்கிறது.