துவேசத்துக்குத் தமிழ் என்ன?

மற்ற மதத்தவர், மற்ற இனத்தவர் மேல் உள்ள வெறுப்பைத் திருகோணமலையில் துவேசம் என்போம், அந்தச் சொல் தெரியாத ஆள் இல்லை. "அவர் சரியான துவேசம் பிடிச்ச ஆள்", "சும்மா துவேசம் கதைக்காதேங்கோ" என்று பஸ் நிலையத்திலும் கேட்கலாம், கிண்ணியாவிலும் கேட்கலாம், மூதூரிலும் கேட்கலாம். எப்போதும் அடுத்தவரைப் பற்றித்தான் வரும். "எனக்குத் துவேசம்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சொல் வடமொழி. துவிஷ் என்ற வினையடிக்கு வெறுத்தல் என்று பொருள், அதிலிருந்து துவேஷம், நம் வாயில் துவேசம். வேஷம் வேடமானது போல, விஷம் விடமானது போல இதுவும் துவேடம் ஆகியிருக்கலாம், ஆனால் பேச்சில் நிலைத்தது சகரம்தான். வடமொழியில் இது ராகம், துவேஷம் என்று சோடியாக வரும், தமிழில் அதைத்தான் விருப்பு வெறுப்பு என்கிறோம். (இந்தச் சோடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வாக்குச்சீட்டில் வரும்.) பௌத்தர்கள் மோகத்தையும் சேர்த்து மூன்றாக எண்ணுவார்கள், பாளியில் துவேஷம் தோச என்று வரும், சிங்களத்தில் லோப, த்வேஷ, மோஹ. வள்ளுவர் 360ஆம் குறளில் "காமம் வெகுளி மயக்கம்" என்று வரிசைப்படுத்துவதும் அந்த மூன்றைத்தான். அப்படியென்றால் துவேசத்துக்கு வள்ளுவர் இட்ட தமிழ் வெகுளி. ஆனால் இன்றைக்கு வெகுளி என்றால் சூதுவாது தெரியாத அப்பாவி. மத வெகுளி என்று தலைப்புப் போட்டால் சிரிப்பார்கள்.

சிங்களத்திலும் த்வேஷய என்ற சொல் உண்டு, என்றாலும் அரசியல் பேசும்போது அவர்கள் எடுப்பது ஜாதிவாதய, ஆகம்வாதய. இதில் ஜாதி என்றால் இனம், நம்முடைய சாதி இல்லை. அதைச் சாதிவாதம் என்று மொழிபெயர்த்தால் கதையே மாறிவிடும். ஆகம்வாதயவுக்கு நேர் தமிழ் மதவாதம்.

மதவாதமும் மதத்துவேசமும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. மதவாதம் ஒரு வேலைத்திட்டம், துவேசம் ஒரு மனநிலை. 1956இல், புத்த ஜயந்தி ஆண்டில், ஐக்கிய பிக்கு முன்னணி ஊர் ஊராகப் போய்ப் பண்டாரநாயக்காவுக்கு வாக்குக் கேட்டதும், 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சி பிக்குகளையே வேட்பாளர்களாக நிறுத்தி 9 ஆசனங்கள் எடுத்ததும் மதவாதம். மேடையில் பேசுகிறவருக்குத் துவேசம் இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை, கேட்கிறவரிடம் இருந்தால் போதும். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல். இடைப்பட்ட ஏழு மாதத்தில் இந்த நாட்டு முஸ்லிம்களைப் பற்றி என்னவெல்லாம் பேசப்பட்டது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள்.

நம் ஊருக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் எந்த மதத்தவரும் பாதியைத் தாண்டுவதில்லை, அதனால் எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கும். 2005 மே மாதம் சந்தைப் பக்கத்தில் இரவோடிரவாகப் புத்தர் சிலை வைத்தபோது ஹர்த்தால் நடந்தது, அதைத் துவேசம் என்றோம், சரி. 2018இல் நகரில் ஓர் இந்துப் பெண்கள் பாடசாலைக்கு முஸ்லிம் ஆசிரியைகள் அபாயாவுடன் வந்ததற்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது, நம்மில் எத்தனை பேர் அதே சொல்லைப் பாவித்தோம்? அப்போது அதற்குப் பெயர் பண்பாடு.

இனி வாக்குச்சீட்டு. 1989இலிருந்து பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதே கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். திருகோணமலைக்கு 4 ஆசனம், ஒரு பட்டியலில் 7 பேர். சீட்டில் விருப்புக்குக் கட்டம் உண்டு, வெறுப்புக்கு இல்லை. ஆனால் வேலை செய்வது எது?

ஒரு தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னம் சந்தைக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த ஐயா சிகரெட் பெட்டியின் மட்டையைக் கிழித்து, அதில் ஒன்றிலிருந்து ஏழு வரை இலக்கங்களை எழுதி, மூன்றுக்கு வட்டம் போட்டார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு இன்னொன்றின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்து, மட்டையை என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு மட்டும் போட்டுடாதேங்கோ தம்பி."

"ஏன் ஐயா, ஆள் கூடாதா?"

"சீச்சீ, நல்ல மனுசன். எனக்கும் எத்தனையோ உதவி செய்தவர். எண்டாலும் வேதக்காரர்தானே."

கோபமே இல்லை. பிளேன்டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். (வேதம் என்ற சொல் கிறிஸ்தவருக்குப் போய்ச் சேர்ந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) மத வெறுப்பைத் தூண்டிவிடுவதற்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் தண்டனை உண்டு. அது மைக்கில் கத்துகிறவருக்கு. இந்தப் பென்சில் கோட்டுக்கு என்ன சட்டம்?

இதை வெறுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வெறுப்பில் ஒரு சூடு இருக்கும். தப்பபிப்பிராயம் என்றும் சொல்ல முடியாது, அது விளக்கம் சொன்னால் தீரக்கூடியது, ஐயாவுக்கோ அந்த ஆளை நன்றாகத் தெரியும். எனக்குப் பொருந்துவதாகத் தெரிவது காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் வைரம், உள்ளே இறுகிப்போன பகுதி. காழ்த்தல் என்றால் அப்படி முற்றி இறுகுதல். முள்மரத்தை இளசிலேயே வெட்டு என்று சொல்லும் 879ஆம் குறளில் "களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து" என்று வருவது இந்தக் காழ்தான். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அரசியல் காழ்ப்புணர்ச்சி என்று எழுதி எழுதி அதைத் தனிப்பட்ட வஞ்சம் போல ஆக்கிவிட்டன, என்றாலும் மூலப்பொருள் கெட்டுப்போகவில்லை. ஆகவே எழுத்தில் மதத்துவேசத்துக்கு மதக்காழ்ப்பு என்று நான் எழுதுகிறேன், துவேசிக்குக் காழ்ப்பாளர்.

கதைக்கும்போது துவேசம்தான் வரும், அதை விடச் சொல்லவில்லை. சந்தையில் காழ்ப்பு என்றால் நாலு பேர் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். துவேசம் என்றால் மீன் விற்கிற முஸ்லிம் நானாவுக்கும் விளங்கும், தேங்காய் வாங்க வந்த சிங்கள மாத்தயாவுக்கும் விளங்கும்.