உருவ ஓவியமா, உருவக ஓவியமா?

மனித உடலை வரையும் இக்கால ஓவியர்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘உருவக ஓவியர்’ என்ற சொல் எங்காவது எட்டிப் பார்த்துவிடுகிறது. ‘ஃபிகரேட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் தமிழாம். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிய வேலை.

ஃபிகர், லத்தீன் ‘ஃபிகூரா’வின் வழி வந்தது. வடிவம் கொடுத்தல், வனைதல் என்ற பொருளுள்ள வினை அதன் வேர். பின்னால் இரண்டு கிளை: பேச்சில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்வது, ஓவியத்தில் அடையாளம் தெரியும்படி உருவத்தைத் தீட்டுவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஏனென்றால், உருவகம் தமிழில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படியிருக்க, ‘உருவக ஓவியர்’ என்று படித்ததும் வாசகர் என்ன நினைப்பார்? இவர் வரையும் உடல் வேறு எதையோ குறிக்கிறது என்றுதான்.

பிலிப் பேர்ல்ஸ்டைனை (1924–2022) எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அரூப ஓவியம் (அடையாளம் தெரியும் உருவம் எதையும் காட்டாத ஓவியம்) கோலோச்சிய காலத்துக்குப் பின், 1960களில் மாடல்களை ஸ்டுடியோவில் உட்காரவைத்து நேரில் பார்த்து வரையத் தொடங்கியவர். கதை இல்லை, குறியீடு இல்லை. கித்தானின் விளிம்பில் தலை வெட்டுப்பட்டால் படட்டும் என்று விட்டுவிடுவார். முழங்காலுக்குக் காட்டும் கவனத்தை நாற்காலிக் காலுக்கும் காட்டுவார். உருவகத்தைத் துரத்தியடித்த அந்த மனிதருக்கு ‘உருவக ஓவியர்’ என்று பட்டம்!

பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃபிராய்டும் (1922–2011) அப்படித்தான். ஈயம் கலந்த கனமான வெள்ளை வண்ணத்தைச் சதைமேல் அப்பி அப்பி ஏற்றினார். ஒரே படத்துக்காக ஒரு பெண் 16 மாதம் வந்து அமர்ந்ததுண்டு. அந்தத் தோல் வெறும் தோல்தான், எதற்கும் உருவகமல்ல.

‘உருவக’த்துக்கு மூலமான வடமொழி ‘ரூபக’த்துக்கு உருவம் கொண்டது என்ற பொருளும் உண்டே என்று சிலர் வாதாடுகிறார்கள். இருக்கட்டும், வடமொழியில் எழுதும்போது வைத்துக்கொள்ளலாம். சூழலை வைத்து வாசகர் புரிந்துகொள்வார் என்பது இன்னொரு சமாதானம். சூழலே உதவாத இடம் ஒன்று இருக்கிறது. கையில் தராசு ஏந்திய பெண்ணை வரைந்து ‘நீதி’ என்று பெயரிடும் மரபு ஐரோப்பாவில் பல நூற்றாண்டு இருந்தது. உண்மையில் உருவக ஓவியம் என்ற பெயருக்கு உரியது அதுதான். அந்தப் பெயரை ஃபிராய்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதை என்னவென்று அழைப்பது?

‘உருவ ஓவியம்’ போதும். உடலைத்தான் சொல்கிறோம் என்று அழுத்த வேண்டுமானால் ‘மனித உருவ ஓவியம்’. உருவமே ரூபத்தின் திரிபுதானே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது. ‘உருவப்படம்’ (போர்ட்ரெய்ட்) வேறு: அங்கே ஆள் யார் என்பது முக்கியம். ஃபிராய்டு இந்த வேலியையும் தாண்டியவர். தன் நிர்வாண ஓவியங்கள் பலவற்றுக்கு ‘நிர்வாண உருவப்படம்’ என்றே தலைப்பிட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் அதை ‘நிர்வாண ஓவியம்’ என்று சுருக்கும்போது அவர் சொல்ல வந்ததே போய்விடுகிறது.

இவர்களே ‘லைஃப் டிராயிங்’கை ‘வாழ்க்கை ஓவியம்’ ஆக்கியவர்கள். யாருடைய வாழ்க்கை? மாடலை நேரில் பார்த்து வரையும் பயிற்சி அது. ‘நேர்முக வரைதல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். அது பிடிக்காவிட்டால் ‘லைஃப் டிராயிங்’ என்றே எழுதிவிட்டுப் போங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.